சல்மாவின் இறங்கிய சுரம்

ஐந்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்துப் பாதியில் விட்டவனிடம் சங்கீதம் தங்காது, கர்வம் மட்டும் தங்கும். என்னிடம் தாராளமாகவே தங்கியிருந்தது.

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் பகுதிப் பாடகர் குழுவில் நானும் மனைவியும் பாடுகிறோம். சிரியாவிலிருந்து வந்த சல்மா தன் ஊர்க் கல்யாணப் பாட்டொன்றைக் குழுவுக்குக் கொண்டுவந்தார். வாத்தியம் கிடையாது. அவர் பாட, நாங்கள் பல குரல்களில் சேர வேண்டும். சுருதி பிடிப்பது என் வேலை.

பாட்டின் நடுவில் அவருடைய ஒரு சுரம் சற்று இறங்கி நின்றது. பாவம், சுருதி விலகுகிறார் என்று முடிவுகட்டி, அந்த இடத்தில் நான் உரக்கப் பாடி மேலே ஏற்றினேன். குழுவும் என்னோடு ஏறியது. மூன்றாவது வாரம் சல்மாவும் ஏறிவிட்டார். நல்லாசிரியர் விருது வரவில்லையே என்பதுதான் என் குறை.

கடைசி ஒத்திகையில் சல்மா, “இந்தப் பாட்டு வேண்டாம், விட்டுவிடுவோம்” என்றார். ஏனென்று கேட்டதற்கு, தன் அம்மா பாடிய பதிவைக் கைப்பேசியில் போட்டார். அதே இடத்தில், அதே இறங்கிய சுரம், அசையாமல் நின்றது.

மனைவி என் காதருகே சொன்னாள்: “இஞ்சருங்கோ, நீங்கள் திருத்தினது பிழையை இல்லை. அவவின்ரை அம்மாவை.”

எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“நீங்கள் அவ்வளவு நிச்சயமாகப் பாடினீர்கள். எனக்கே அம்மா மேல் சந்தேகம் வந்துவிட்டது” என்றார் சல்மா.

பாட்டை விடாமல் வைத்துக்கொண்டோம். கச்சேரியில் அந்த வரி வந்ததும் குழுவோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். சல்மா தனியே இறங்கி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் உருப்படியாகப் பாடிய இடம் அதுதான் என்கிறாள் மனைவி. எனக்கும் மறுப்பில்லை.