ஒன்று வந்தது, சரி என்றேன்

எட்டாவதோடு சரி என் படிப்பு. சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் ரூமைக் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். பிறகு மிஷினை ஓட்டவும் விட்டார்கள். எண்பதுகளின் கடைசி அது. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் திரையில் கடைசியாக ஓர் எண் வரும். "ஒண்ணு வந்தா சரி. சைபர் வந்தா எதையும் தொடாத, என்னக் கூப்பிடு" என்று இன்ஜினியர் சொல்லி வைத்திருந்தார். சைபருக்குப் பயந்தே வேலை பார்த்தேன்.

புது மிஷின் வந்தது. யார் எப்போது கரும்பு நட்டார், யாருக்கு எப்போது வெட்டு என்ற பதிவு முழுக்கப் பழையதில் இருந்தது. அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். இன்ஜினியர் வெளியூர் போயிருந்தார். ஒயரை மாட்டிப் புது மிஷினில் நான்தான் ஓட்டினேன். ஒன்று வந்தது. சரி என்றேன்.

மறுநாள் காலை பழைய மிஷினை லாரியில் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு ஆபீசுக்குக் கொடுப்பார்களாம்.

லாரி போனதும் புது மிஷினில் ஒரு காகிதம் அச்சடித்துப் பார்த்தேன். சைபர் வந்தது.

புது மிஷினுக்குப் பூஜை போட்டபோது காற்றுப் போக வைத்திருந்த ஓட்டையில் கொஞ்சம் குங்குமம் விழுந்திருந்தது. அதுதான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஊரிலிருந்து திரும்பிய இன்ஜினியர் உள்ளே வந்தார். "என்னப்பா, பேயப் பாத்தவனாட்டம் நிக்கற?"

"சைபர் வந்துட்டுதுங்க சார். குங்குமம் உள்ள போயிடுச்சுங்க."

சிரித்தார். "குங்குமம் ஒண்ணும் பண்ணாது. இது வேற ரகம்பா. இதுல சைபர் வந்தாத்தான் நல்லா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மூச்சு வந்தது. உடனே நேற்றைய நினைப்பும் வந்தது.

"அப்ப நேத்து ஒண்ணு வந்துதுங்களே சார்?"

அவர் சிரிப்பு போய்விட்டது. பழைய மிஷினோடு இணைத்திருந்த ஒயரைப் பிடித்துப் பார்த்தார். பின்னால் சரியாக மாட்டவில்லை. பதிவு எதுவும் வந்து சேரவில்லை. இருந்த ஒரே பதிவு லாரியில் போய்க்கொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிளில் விரட்டினோம். சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை டீக்கடையில் லாரி நின்றது.

"ஏன் சார், உங்க வூட்டுப் பொண்ண நான் இழுத்துக்கிட்டு ஓடுற மாதிரி வந்து மறிக்கிறீங்க?" என்றார் டிரைவர்.

இன்ஜினியர் லாரியைத் திருப்பச் சொன்னார். திரும்பும்போது லாரியில் ஏறி மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பிடியை இறுக்கினேன்.

இந்த முறை ஒயரை இன்ஜினியரே மாட்டினார். எழுத்துகள் ஓடின. சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

சைபர் வந்தது. அவர் பதிவைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தது.

"உக்காருப்பா" என்றார்.

நான் நின்றபடியே கையை நீட்டி, ஒயர் ஆடுகிறதா என்று பார்த்தேன்.