பக்கத்து வீட்டுக்காரி என்று சொன்னேன்

எழுபதுகளில் நடந்தது இது. பி.காம். முடித்த என் மகள் பொன்மணியைத் தூத்துக்குடியில் பெரிய ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தால் பின்னால் அவளே ஆடிட்டர் ஆகலாமாம். அவள் அப்பா உயிரோடு இல்லை. ஆறுமுகநேரியிலிருந்து துணைக்கு நான் போனேன்.

வராந்தாவில் காத்திருந்த பையன்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். உப்பள வேலையில் வெடித்துப்போன என் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பொன்மணி உள்ளே போய்ச் சற்று நேரத்தில் பியூன் வந்தார்.

"நீங்கதான் அந்தப் பிள்ளைக்கு அம்மாவா?"

அளத்துக்காரி மகள் என்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்களே என்று பயந்துவிட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்காரி."

அவர் உள்ளே போனதும் ஆடிட்டரின் சத்தம் கேட்டது.

"அம்மா வெளியே இருக்காங்கன்னு சொன்னியே. முதல் நாளே பொய்யா?"

கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"ஐயா, நாந்தான் பெத்தவ. அளத்துல வேல பாக்குதேன். பயந்துபோய் நாந்தான் பொய் சொன்னேன். அவ சொல்லல."

ஆடிட்டர் மேசைமேல் இருந்த பயிற்சி ஒப்பந்தப் பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"பொண்ணை எடுத்தாச்சும்மா. பெத்தவங்க கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா இதைக் கிழிச்சிருப்பேன்."

பேனா பிடிக்க முடியாமல் பிடித்து என் பெயரை எழுதினேன்.

பஸ்ஸில் பொன்மணி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இறங்கும்போதுதான் பேசினாள்.

"எங்கம்மா அளத்துல வேல பாக்கான்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன். எனக்கு இல்லாத வெக்கம் ஒனக்கு எதுக்கும்மா?"

பெரிய மனிதர்களுக்குப் பயந்தே பழகியவள் நான். அன்று பெற்ற பிள்ளையின் வாழ்வையே கெடுக்கப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தை இன்றும் மறக்க முடியவில்லை.