மணற்காட்டில் சாத்திய கதவு

கொக்குவிலில் ஒரு கலவன் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கும் மயூரதனைப் பிள்ளைகள் ‘கூடார சேர்’ என்றுதான் சொல்வார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போவார். கூடாரம் அடித்துத் தங்கவைத்து, அந்த ஊருக்கு ஏதாவது வேலை செய்துகொடுக்கவும் வைப்பார். ஓரிடத்தில் குளம் துப்புரவாக்கினார்கள். இன்னோரிடத்தில் வாசிகசாலைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ரியூசனை விட்டு ஒரு பின்னேரம்கூட வெளியே வராத பிள்ளைகள், அவரோடு போய்த் திரும்பும்போது கறுத்து, தொண்டை அடைத்து, கையெல்லாம் கீறலோடு சிரித்துக்கொண்டு வருவார்கள். “மயூரதன் சேர் போறாரெண்டா பயமில்லை” என்று பெற்றோர் கதைப்பது அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

போன ஆவணியில் மணற்காடு என்ற கடற்கரை ஊருக்குப் போனார்கள். சவுக்கந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே கூடாரங்கள். முன்பள்ளி வளவைத் துப்புரவாக்குவதுதான் வேலை. வளவின் மூலையில் இளம்பனை வடலிகள் அடர்ந்து, காய்ந்த ஓலைகள் சடைத்துத் தொங்கின. இரண்டாம் நாள் காலை, ஓர் ஓலையைப் பிடித்த மாணவன் நிருஷன் சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

“சேர், உதுக்குள்ளை ஏதோ இரையுது.”

“காத்துக்கு ஓலை இரையாமல் வேறை என்ன செய்யும்? இழுடா.”

அவன் இழுத்தான். ஓலையோடு குளவிக் கூடும் பிய்ந்து விழுந்தது.

பெடியள் கத்திக்கொண்டு கடலுக்குள் போய் விழுந்தார்கள். பெட்டைகள் முன்பள்ளிக்குள் ஓடினார்கள். மயூரதனுடைய கழுத்தில் இரண்டு இடத்தில் குத்தியது. அவரும் ஓடினார். ஒழுங்கையில் நின்ற, அவர்களை ஏற்றிவந்த வானுக்குள் ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, கைபிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் போகும் பக்கந்தான் பாதுகாப்பு என்று நம்பி, ஒருத்தி அவருக்குப் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள். சண்டிலிப்பாயிலிருந்து வந்து படிக்கும் சாருஜா.

“சேர்! கதவைத் திறவுங்கோ சேர்!”

கண்ணாடியில் அடித்தாள். அவளுடைய தலைமயிருக்குள் குளவிகள் மொய்த்திருந்தன. மயூரதன் அவளைப் பார்த்தார். திறந்தால் உள்ளே வந்துவிடும் என்ற ஒரே எண்ணந்தான் அவருக்கு. உள்ளே வந்துவிடும் என்று குளவியை நினைத்தாரா, பிள்ளையை நினைத்தாரா என்பதைப் பிறகு எத்தனை தரம் யோசித்தும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்ற வான் சாரதி லெனாட்தான் ஓடிவந்தான். ஈரச் சாக்கொன்றால் அவளை மூடி, தூக்கிக்கொண்டு போய் முன்பள்ளிக்குள் விட்டான். குளவிகள் அடங்கிய பிறகு, முகமெல்லாம் வீங்க வானடிக்கு வந்தான்.

“என்ன சேர், கதவு இறுகிப்போச்சோ? உது இடைக்கிடை உப்பிடித்தான்.”

குருநகர்க்காரனான லெனாட் கள்ளமில்லாமல்தான் கேட்டான்.

“ஓம்,” என்றார் மயூரதன். “இறுகிப்போச்சு.”

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் சாருஜாவுக்கு மூச்சு ஒழுங்காக வர மத்தியானம் தாண்டிவிட்டது. தபாற்கந்தோரில் வேலை செய்யும் அவளுடைய தாய் செல்வநாயகி விழுந்தடித்து வந்து சேர்ந்தார். பிள்ளையின் கட்டிலடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வெளியே விறாந்தையில் நின்ற மயூரதனிடம் வந்தார்.

“கெதியாக் கொண்டுவந்து சேர்த்ததுக்குப் பெரிய உபகாரம் சேர்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, ஆபத்தில் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிவந்தவர் என்று புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். வீக்கம் முழுதும் வற்றாத முகத்தோடு சாருஜா வரிசையில் நின்றாள். அவள் தட்டவில்லை, முறைக்கவும் இல்லை. தெரு மதிலைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் அந்த வகுப்புப் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை. பருவக்காற்றுப் பாடத்தைப் பலகையில் எழுதச் சொல்லி ஒரு மாணவனை அனுப்பிவிட்டு, ஆசிரியர் அறையில் கிடந்தார். லெனாட் தெருவில் கண்டு “சேர், கதவைத் திருத்திப்போட்டன்” என்று சிரித்தபோது, நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சண்டிலிப்பாய்க்குப் போனார். செல்வநாயகி கதிரையை எடுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை.

“அம்மா, கதவு இறுகேல்லை. நான்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான்.”

“தெரியும் சேர். அவள் ஆஸ்பத்திரியிலை வைச்சே சொன்னவள்.”

மயூரதன் விக்கித்துப் போனார். “பிறகேன் எனக்கு உபகாரம் சொன்னியள்?”

“அப்பவாவது வாய் திறப்பியள் எண்டு நினைச்சன்.” அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. “நீங்கள் தலையை ஆட்டினியள்.”

சாருஜா கதவு நிலையில் வந்து நின்றாள். மயூரதன் அவளுடைய காலடியைப் பார்த்துத்தான் பேசினார்.

“பிள்ளை, நான் செய்தது பெரிய பிழை. நிருஷன் சொல்லக் கேட்காமல் ஓலையை இழுக்கச் சொன்னதும் பிழை.”

“குத்தினது மாறிட்டுது சேர்,” என்றாள் அவள். “ஆனா நான் கண்ணாடியிலை தட்டேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான். என்னை ஆரெண்டே தெரியாத மாதிரிப் பாத்தியள். அதுதான் மாறுதில்லை.”

செல்வநாயகி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். அவர் நின்ற நிலையிலேயே, சூடு நாக்கைப் பொசுக்கப் பொசுக்கக் குடித்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூடத் தனக்கு அந்த வீட்டில் இல்லை என்று பட்டது.

மறுநாள் அதிபரிடம் நடந்ததைச் சொன்னார். அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உதை ஏன் சேர் இப்ப கிண்டுறியள்? பேசாமல் விடுங்கோ” என்றார். மயூரதன் விடவில்லை. காலைக் கூட்டத்தில் பேசக் கேட்டும் அதிபர் மறுத்தபடியால், தன் வகுப்பில் எழுந்து நின்று சொன்னார். பிள்ளையைக் காப்பாற்றியது லெனாட்தான் என்றும் சொன்னார். யாராவது ஒருவன் சிரித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிருஷன் மட்டும் குனிந்து, மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

முகாம் பொறுப்பு இப்போது உதயகலா ரீச்சரிடம். இந்த வருடம் கைதடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டத்தைக் கொத்திக்கொடுக்கப் போனபோது, சமையலுக்கு ஆள் வேணுமென்று ரீச்சர் கேட்டதால் மயூரதனும் போனார். இரண்டு பெற்றோர் அதைக் கேள்விப்பட்டுத் தங்கள் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். சாருஜா வந்திருந்தாள். இரண்டு நாளும் அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் அவள் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். அவர் சோற்றைப் போட்டார்.

“காணும் சேர்,” என்று கையால் மறித்தாள்.

அவர் அகப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார்.