ஒரு கார்டில் மூன்று முகவரி

இளவரசிக்கு வேலை ஏற்காட்டில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில். ஊர் செம்மநத்தம். அங்கே அவள் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் காப்பியும் மிளகும் பார்க்கிறவர்கள். புருஷன் மாதேஷும் அப்படித்தான். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்த பெண், கல்யாணத்துக்குப் பிறகும் மலையிலேயே வேலை பார்க்க முடிந்தது அவளுடைய அதிர்ஷ்டம் என்று ஊரில் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்த அதிர்ஷ்டத்தில் பாதி கிறிஸ்டோ என்பது அவளுக்குத் தெரியும்.

பள்ளியின் கம்ப்யூட்டர்களைப் பார்க்க இருந்த இரண்டு பேரில் மற்றவன் கிறிஸ்டோ. அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவன். அம்மாவோடும் மனைவி மோனிஷாவோடும் பஜாருக்குப் பக்கத்தில் குடியிருந்தான். இளவரசி பிரசவத்துக்குப் போனபோது, வேறு ஆளைப் போட்டுவிடக்கூடாது என்று அவள் வேலையையும் சேர்த்து அவனே பார்த்தான். திரும்பி வந்தவளிடம் அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. பூட்டிக் கிடந்த அவள் மேசையைத் துடைத்து வைத்திருந்தான், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கூடத்தின் பின்னால் ஒரு சிறிய அறை. அதில் மூன்று சர்வர்கள். ஒன்றில் மார்க்கும் வருகைப் பதிவும். இன்னொன்று விடுதி வாசலில் பிள்ளைகள் கைரேகை வைத்துக் கதவு திறக்கும் மெஷின்களுக்கு. மூன்றாவது, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும் போன்களுக்கு. மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு முகவரி, வெறும் எண்கள்தான். பள்ளியில் இருந்த ஒவ்வொரு மெஷினும் தனக்குச் சொல்லிக் கொடுத்த எண்ணைத்தான் தேடிப் போகும். வேறு கதவு தட்டத் தெரியாது.

பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கோடை மழையோடு விழுந்த இடி அந்த அறைக்குள் இறங்கியது. மார்க் சர்வர் மட்டும் தப்பித்தது. மற்ற இரண்டும் கருகின வாசனையோடு கிடந்தன.

கிறிஸ்டோ அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"விடுங்க இளவரசி. எத்தன தடவ புது மெஷின் கேட்டிருப்போம்? இனி வாங்காம முடியாது. ரெண்டும் வந்தாத்தான் விடுதிக் கதவு தொறக்கும், போன் பேசும்னு அடிச்சுச் சொல்லிருவோம். நான் அம்மாவோட ஆப்ரேசன் முடிஞ்சு வந்து பேசிக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க."

அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினான்.

நிர்வாக அலுவலர் பழனிசாமிக்கு அதுவரை பொறுமை இல்லை. அவர் மலைக்குக் கீழே குப்பனூர்ப் பக்கத்துக்காரர். கத்திப் பேசமாட்டார். கெஞ்சுவது போலப் பேசியே வேலை வாங்குவார்.

"ஞாயித்துக்கெழம புள்ளைங்க வந்து எறங்கீருவாங்க கண்ணு. வாசல்ல மெஷினு ஓடலீன்னா பெத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது? ஏதாச்சும் வழி பாரு சாமி."

வழி இருந்தது. எரிந்துபோன இரண்டு சர்வர்களில் இருந்ததற்கும் நகல்கள் தனி டிஸ்க்கில் இருந்தன. அவற்றைத் தப்பித்த சர்வரில் ஏற்றிவிடலாம். சிக்கல் முகவரியில்தான். கைரேகை மெஷின்களும் போன்களும் செத்துப்போன எண்களையே தேடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பொருத்திக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உள்ளே போய் எண்ணை மாற்றுவதற்கான பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.

சர்வரை மற்ற மெஷின்களோடு பேச வைக்கும் நெட்வொர்க் கார்டு அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கார்டுக்கு ஒரு முகவரிதான் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அதன் சொந்த எண்ணோடு செத்துப்போன இரண்டின் எண்களையும் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டால், மூன்றில் எதைத் தேடி வந்தாலும் அதுவே பதில் சொல்லும். வாசலில் இருக்கும் மெஷின்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அவள் கிறிஸ்டோவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிற மனிதனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வைத்துவிட்டாள். வேண்டாம் என்றுதான் அவன் சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலை ஒரு பகலில் முடிந்தது. விடுதி வாசலுக்குப் போய் விரலை வைத்தாள். மெஷின் பச்சை விளக்கைக் காட்டியது. போன்களில் ஒன்றை எடுத்து மாதேஷைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குது. எந்த நம்பர் இது?"

அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. அப்படி அவள் சிரித்தது அந்த வருடத்தில் அதுதான் கடைசி என்று மாதேஷ் பிறகு சொன்னான்.

சேலத்திலிருந்து திரும்பிய கிறிஸ்டோ திரையில் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தான்.

"சர்வரோட ஃபைல்ல எழுதி வச்சுட்டீங்களா? இல்லீன்னா கரண்டு போய் வந்தா அழிஞ்சிரும்."

"எழுதிட்டனுங்ணா."

"சுத்தமா பண்ணியிருக்கீங்க" என்றான். பிறகு தன் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

புது சர்வர் கேட்டு அவன் எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்தது. 'ஒன்றே போதுமானதாக உள்ளது' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பழனிசாமி இளவரசியை மட்டும் கூப்பிட்டார். ஒரு மெஷினுக்கு இரண்டு ஆள் எதற்கு என்று பள்ளிக் கமிட்டியில் கேட்கிறார்கள், மூத்த ஆளுக்குத்தான் செலவு அதிகம், கிறிஸ்டோவை இந்த மாதத்தோடு அனுப்பிவிடுகிறார்கள் என்றார்.

"அண்ணன் இல்லாம என்னால முடியாதுங்க சார்."

"நீதான் முடிச்சுக் காட்டிட்டியே கண்ணு."

அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்று சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. அந்த வருடம் மாதேஷின் காப்பிச் செடிகளில் தண்டுப் புழு விழுந்திருந்தது. பாதிக்கு மேல் வெட்டி எரித்திருந்தார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கிறிஸ்டோ சண்டை எதுவும் போடவில்லை. கடைசி நாளில் அலமாரியைத் திறந்து எந்த கேபிள் எங்கே இருக்கிறது, பழைய நெட்வொர்க் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டினான். சாவியைக் கொடுத்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். ஷிப்டு வேலை. அம்மாவுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்றுதான் கவலைப்பட்டான்.

ஐப்பசி மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒற்றை கார்டு செத்துப்போனது. மூன்று எண்களும் ஒரே நொடியில் ஊமையாகின. விடுதிக் கதவு திறக்கவில்லை. போன்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் வெறும் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அழுதன. விடுமுறை நாளில் ஊரில் இருந்த இளவரசியை ஜீப் அனுப்பி அழைத்து வந்தார்கள்.

அலமாரியில் இருந்த பழைய கார்டை எடுத்துப் பொருத்தினாள். சர்வர் எழுந்தது. முகவரிகள் வரவில்லை. மறுபடியும் மறுபடியும் அணைத்துப் போட்டாள். பழனிசாமி கதவருகில் நின்று ஒவ்வொரு முறையும் "ஆச்சா சாமி?" என்றார். அவளுக்கு மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் கிறிஸ்டோவுக்குப் போன் போட்டாள்.

மோனிஷா எடுத்தாள். "ஷிப்டு முடிஞ்சு இப்பத்தான் படுத்தாருங்க" என்றாள். குரலில் பழைய சிரிப்பு இல்லை. பிறகு கிறிஸ்டோ வந்தான்.

"சொல்லுங்க இளவரசி."

அவள் சொன்னாள்.

"இப்ப மாட்டுன கார்டுக்கு சர்வர் வேற பேரு வச்சிருக்கும். நீங்க எழுதுனது செத்துப்போன கார்டோட பேருக்கு. அந்த ஃபைல்ல பேர மாத்துங்க, மூணும் வந்துரும். பதறாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பெயரை மாற்றினாள். மூன்று எண்களும் வந்து உட்கார்ந்தன. வெளியே ஒரு பிள்ளை போனில் "அம்மா" என்று கத்துவது கேட்டது. பழனிசாமி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

"வந்திருச்சுங்ணா."

"சரி."

"அண்ணா... அன்னிக்கு நான் அதப் பண்ணியிருக்கக் கூடாதுங்க."

"பண்ணது சரிதான். நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"நீங்க வேண்டாம்பீங்கன்னு..."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். "சரி, நான் படுக்கறேன். மறுபடியும் பொழுதோட ஷிப்டுக்குப் போகணும்."

கிறிஸ்துமஸுக்கு அவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. புது வருடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது. அவன் அம்மா தவறிவிட்டாள் என்று பொங்கல் கழித்து பஜாரில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அடக்கமும் ஓசூரிலேயே முடிந்திருந்தது.

கதவும் போனும் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைப் பயமுறுத்திவிட்டது. இரண்டாவது சர்வர் வாங்கலாம் என்று இளவரசி எழுதிக் கொடுத்தாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றையும் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் ஆட்கள் வந்து வாசலில் புது மெஷின்களை மாட்டினார்கள். பிள்ளைகளுக்கும் புது போன்கள் வந்தன. சர்வரை இளவரசியே அணைக்க வேண்டியிருந்தது. மூன்று முகவரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அணைத்தாள். அப்படி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எடுத்தாள்.

அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. முன்வாசலில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரின் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டுப் பாஸ் கொடுக்கிறாள். மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடியில் பனி படிந்துவிடும். வருகிறவர்கள் தட்டினால்தான் ஆள் நிற்பது தெரியும்.

"சேலத்துல வேற எங்காச்சும் பாக்கலாமில்ல? படிச்ச படிப்பு இருக்குதே" என்று மாதேஷ் ஒருநாள் கேட்டான்.

"இருக்கட்டுங்க. அண்ணன அனுப்பிட்டு, இனி அந்த வேலய நான் எங்க போயிப் பாக்கறது?" என்றாள்.