மேஜர் ஊற்றிய தண்ணீர்

3-4-1951: குடல்வால் 2, முறிந்த கை 1.
4-4-1951: குண்டுக் காயம் 1, கால் நீக்கம் 1.
5-4-1951: ஞானஸ்நானம் 1. பெண். வயது ஒரு மணி நேரம். எடை மூன்றே கால் பவுண்டு. நிலை கவலைக்கிடம். கொதித்து ஆறிய தண்ணீர். உடனிருந்தவர் சிப்பாய் நஞ்சப்பன்.

எல்லையோர முகாமின் ராணுவ ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைப் பதிவேட்டில் இப்படி எழுதி, மேலதிகாரியிடம் முத்திரை வாங்கி, கார்பன் நகலைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் மேஜர் ரத்தினசாமி. பெண் குழந்தை அவருடையதுதான். மிக அருகிலிருந்த பாதிரியார் நாற்பது மைல் தள்ளி இருந்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிழைத்தால் மாதா கோயில் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். குழந்தை பிழைத்தது. தகப்பனார் தெரிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் மூன்று பிரதிகளில் தெரிவித்தார். கோயிலை மட்டும் விட்டுவிட்டார்.

குமுளியில் அவருடைய மருத்துவமனை காலை ஆறரைக்குத் திறக்கும். நோயாளிகள் உயரவாரியாக வரிசையில் நிற்க வேண்டும். காய்ச்சல்காரன் குட்டையாக இருந்தால் அது அவன் தலையெழுத்து. “என்ன நோவு? ஒரு வரியில சொல்லு. மிச்சத்த ஆண்டவன்கிட்ட சொல்லிக்க” என்பார். சீட்டில் பெரும்பாலும் ஒரே வாசகம்: மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போகலாம். சக்குபள்ளத்து ஏலத்தோட்ட முதலாளிகள் அவரை மகான் என்றார்கள்.

முழங்கால் வீங்கி வந்து லீவு கேட்ட தோட்டக் கூலி குருவம்மாளிடம், இரண்டு காலும் போனவனே தனக்குச் சலாம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பெருமை பேசினார். “அவன் ஏலக்காய் எடுக்கச் சரிவுல ஏற வேண்டியதில்லயே, சார்” என்றாள் அவள். மேஜர் மூன்று நாள் லீவு எழுதினார். ஒழுங்கீனத்துக்கு இப்படித்தான் இடம் கொடுப்பது.

மௌல்மீனில் பிறந்து, ரங்கூனில் டாக்டருக்குப் படித்தவர். 1942இல் காட்டு வழியாக நடந்து அசாமுக்கு வந்தார். வழியில் செருப்பைத் தொலைத்தார், ஜெபமாலையைத் தொலைக்கவில்லை. இருபத்தேழு வருஷம் இந்தியச் சிப்பாய்களை அறுத்துத் தைத்தார். ஓய்வு பெற்றுக் குமுளிக்கு வந்தபோது, அவர் எந்த நாட்டுக்காரர் என்பதில் ரேஷன் அலுவலகத்துக்குப் பதினான்கு மாதம் சந்தேகம் இருந்தது. தேசம் யாரையும் அவசரப்பட்டு நம்பிவிடுவதில்லை.

மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவரும் மகள் புஷ்பமேரியும்தான். இருந்தாலும் மாலை ஏழு மணி ஜெபமாலைக்கு ஆஜர் எடுப்பார். ஐம்பத்து மூன்று மணியும் பதினேழு நிமிடத்தில் முடிய வேண்டும். பதினாறில் முடிந்தால், ஏதோ ஒரு மணியை ஏமாற்றிவிட்டோம் என்று முதலிலிருந்து தொடங்குவார். புஷ்பமேரி சின்ன வயதிலேயே மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதில் கம்பத்துப் பள்ளி வாத்தியார் ஒருவரை நிச்சயித்தார்கள். 12-5-1975 திங்கட்கிழமை கல்யாணம். பங்குச் சாமியார் வழக்கம்போலப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தில் ஒரு மேஜரின் பேச்சைச் சந்தேகிக்கும் பாதிரியாரை ஆண்டவர் படைக்கவில்லை. மேஜர் கார்பன் நகலை நீட்டினார். அதில் மேலதிகாரி எழுதியிருந்தார்: பார்வையிடப்பட்டது, ஆட்சேபணை இல்லை.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுலபமான வழி சொன்னார். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை.

“நான் தச்ச காயத்த, சரியாத் தச்சானான்னு பாக்க இன்னொருத்தன் பிரிக்கிறதா?” என்று மேஜர் எழுந்து வந்துவிட்டார்.

கல்யாணம் ஜூலை 7க்குத் தள்ளிப்போனது. பிறகு செப்டம்பர் 8க்கு. பிறகு தேதியே இல்லை. அக்டோபர் முடிவதற்குள் பதில் வராவிட்டால் வேறு பெண் பார்ப்பதாகக் கம்பத்துச் சம்பந்தி மரியாதையாக எழுதினார். வாத்தியாரை விட்டுவிடப் புஷ்பமேரிக்கு மனசில்லை.

“பத்துத் தடவ வேணாலும் ஊத்தட்டும்ப்பா. எனக்குச் சளி புடிக்காது.”

“ஊத்தலாம். அப்ப நான் அன்னிக்கு ஊத்துனது வெறும் தண்ணின்னு ஆயிரும். நீ செத்திருந்தா எங்க போயிருப்ப?”

இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குழந்தையை மோட்சத்துக்கு அனுப்பும் பொறுப்பை அவர் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாதாடுவதை விட்டாள். கார்பன் நகலில் இருந்த சிப்பாயின் பெயரைக் குறித்துக்கொண்டு, பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டாள்.

நஞ்சப்பன் கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலை விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிக்கு வந்து, நாலு பஸ் மாறி, ஒரு மூட்டைக் கடலையோடு குமுளியில் இறங்கினார். மேஜர் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, சட்டையில் மேல் பட்டன் எங்கே என்பது.

ஒரு இந்து சொல்லும் சாட்சி செல்லுமா என்று சாமியாருக்குச் சின்னத் தயக்கம் இருந்தது. இருந்தாலும் உட்கார வைத்து, இத்தனை வருஷம் கழித்து அதெப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்டார்.

“ஏனுங்க சாமி, கொழந்தை என்ற கையிலதானுங்க இருந்துச்சு. அழுவவே இல்லீங்க. அய்யா மூணு வாட்டி தண்ணி ஊத்துனாருங்க, உங்க சாமி பேரச் சொல்லித்தான் ஊத்துனாரு. நூறு காலு எடுத்தவருங்க, கை ஒரு நாளும் ஆடுனதில்ல. அன்னைக்கு ஆடுச்சுங்க. பாதித் தண்ணி என்ற சட்டையில. அத எப்படிங்க மறக்கறது?”

 மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நூறில்ல. அறுவத்தி மூணு” என்று திருத்தினார்.

சாமியார் அதையும் சேர்த்து எழுதி, நஞ்சப்பனிடம் கையெழுத்து வாங்கி, பிஷப் அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே நான்கு கடிதம் போய் வந்தன. ஐந்தாவது கடிதம் வரும்போது மேஜர் தோளில் துண்டோடு தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கை என்று சாக்குச் சொல்லி மகளையே பிரிக்கச் சொன்னார்.

புஷ்பமேரி படித்தாள். ஞானஸ்நானம் செல்லும், பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம், கல்யாணத்துக்குத் தடையில்லை. இனிமேலாவது டாக்டர் இப்படிப்பட்ட விஷயங்களைக் காலதாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

மேஜர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். மகளின் உலர்ந்த தலையில் போட்டு, அப்போதுதான் நனைந்த தலையைத் துவட்டுவதுபோல, உச்சியிலிருந்து பிடரி வரை அழுத்தித் துவட்டினார்.

கடிதம் வந்த தேதி 27-10-1975.