சொந்தக் கீசர், பொதுச் சுவர்

முதலில் ஒரு விடுகதை. சுவரில் தொங்குவான், பச்சைத் தண்ணீர் குடிப்பான், வெந்நீர் துப்புவான், மூன்று மாதம் உழைத்து ஒன்பது மாதம் தூங்குவான். அவன் யார்? சிறுவர்களைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு "கீசர்" என்பார்கள். கல்கத்தாவில் நான் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால், "யாரோட கீசர்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

கீசரை விற்பது சுலபம், மாட்டுவதும் சுலபம். அடுத்தவர் வாங்கிவந்த கீசரை மாட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம். பவானிபூரில் ஒரு சந்துக்குள் என் கடை இருந்தது. அடுத்தவர் கொண்டுவந்த பொருளில் கைவைத்துப் பேச்சு வாங்கியவர் நீங்கள் என்றால், தையற்காரரோ, மர ஆசாரியோ, கல்யாணச் சமையற்காரரோ, யாராக இருந்தாலும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கீழே வருவதெல்லாம் ஒரே குளியலறையில் நடந்தது. டாக்குரியாவில் மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. அரசாங்கம் குழாய் கொடுத்திருந்தது, கீசர் கொடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு குடும்பம் மாற்றலாகிப் போகும், இன்னொன்று வரும். வருகிறவர் தம் கீசரோடு வருவார். போகிறவர் கழற்றிக்கொண்டு போவார். குழாயின் வாய்கள் ஒரே ஒரு சுவரில் இருந்ததால் எல்லாருடைய கீசரும் அந்தச் சுவரில்தான் ஏறியாக வேண்டும். அது ஐந்து அங்குலச் செங்கல் சுவர்.

மெத்தைக்குள் வந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராகவன் சார் டெல்லியிலிருந்து வந்தார். அவருடைய கீசர் லாரியில் மெத்தைக்குள் சுருட்டப்பட்டு, குழந்தையைப் போல வந்து சேர்ந்தது. அவசரமாகக் கட்டியதில் அதன் வால்வு மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீர் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் வால்வு. "என் கடையிலிருந்து எடுத்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது. உங்களுடையதை மாட்டினால், மாட்டிய வேலைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்றேன். தலையாட்டினார்.

என்னோடு வேலை செய்த பிஷுதா நான்கு துளை போட்டார். அவர் ஹவுராவில் ஒரு பட்டறையில் இருந்தவர். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் எனக்குத் 'தா', அதாவது அண்ணன். நான் புது வால்வு போட்டுக் கீசரை ஏற்றினேன். வால்விலிருந்து அவ்வப்போது இரண்டு சொட்டு விழும், விழ வேண்டும். ராகவன் சார் ஒரே மாதத்தில் நான்கு முறை ஆள் அனுப்பினார். நான்காவது முறை நான் மறுபடி எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவர் சொன்னது: "ஒன்பது வருஷம் டெல்லியில ஒரு சொட்டு ஒழுகலை. இங்க மாட்டினது நீங்கதானே?"

சீர்

மூன்று வருடம் கழித்து ராகவன் சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்து வரவிருந்த குடும்பம் வீடு பார்க்க வந்திருந்தது. கணவர் பேசவில்லை, மனைவி ஜெயா மாமிதான் பேசினார். இருக்கிற கீசரையே விலை பேசி வாங்கிக்கொள்ளுங்கள், சுவருக்கும் நல்லது என்றேன்.

மாமியிடம் அவருடைய அப்பா கல்யாணத்தில் சீராகக் கொடுத்த கீசர் சென்னையில் இருந்தது. தவிரவும், முன்பின் தெரியாதவர்கள் குளித்த கீசரில் குளிப்பதாவது என்றார். நான் பொறுமையாகச் சொன்னேன்: கீசருக்குள் யாரும் இறங்கிக் குளிப்பதில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும், நேற்றைய தண்ணீர் இன்றைக்கு இருக்காது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

சீர்க் கீசர் வந்ததும் திறந்து பார்த்தேன். சென்னையின் உப்புத் தண்ணீர் உள்ளே வெள்ளைக் கல்லாக இறுகியிருந்தது. தட்டித் தட்டி ஒரு முறம் நிறைய எடுத்தோம். பழைய துளைகள் அதற்குப் பொருந்தவில்லை. பிஷுதா இன்னும் நான்கு போட்டார். "ராகவன் சாரோட கீசர் இதைவிட நல்லா இருந்தது மாமி. அதுல குளிச்சா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன். "தெரியும் தம்பி. இருந்தாலும் மனசுன்னு ஒண்ணு இருக்கே."

ஒரு யோசனை

அந்த வருடப் பொங்கல் கூட்டத்தில் துணிந்து எழுந்து நின்றேன். ஒரு வீட்டுக்கு ஒரு கீசர், அது அந்த வீட்டோடேயே இருக்கட்டும், போகிறவர் வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும் என்றேன். கைதட்டினார்கள். குவார்ட்டர்ஸ் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், நல்ல மனிதர், எனக்கு இரண்டாவது முறை சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க சார். ஆனா ஒவ்வொருத்தரும் அடுத்தவரைத்தான் விட்டுட்டுப் போகச் சொல்றாங்க."

பன்னிரண்டு

ஜெயா மாமி போய், கோயம்புத்தூர்க்காரர் நடராஜன் வந்தார். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்த, தனியாக வசித்த மனிதர். அவரும் கீசர் கொண்டுவந்தார். இந்த முறை பிஷுதா துளை போடும்போது ஒரு செங்கல்லின் பாதி உள்ளேயே உதிர்ந்தது. கொஞ்சம் தள்ளிப் போட்டார், சிமெண்ட் வைத்து இறுக்கினார், இரண்டு நாள் காயவிட்டு அப்புறம்தான் ஏற்றினோம். இறங்குவதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல சுவர் தட்டினால் ஒரே சத்தம் தரும். இது இடத்துக்கு ஒரு சத்தம் தந்தது.

ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு வங்காளத்தில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "பன்னிரண்டு துளை ஆச்சு. இதை இனி யாரும் கழற்றக் கூடாது. இந்தச் சுவரை இப்போ சுண்ணாம்புதான் பிடிச்சிக்கிட்டிருக்கு."

புதுசு

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு டிசம்பர். நடராஜன் சார் ஓய்வுபெற்று ஊருக்குக் கிளம்பினார். கீசரை விட்டுவிட்டுப் போகிறேன், வருகிறவர் சும்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றார். பத்து வருடத்தில் அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். வரவிருந்தவர் விசாகப்பட்டினத்திலிருந்த கல்யாணராமன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானே அவருக்குப் போன் செய்து, கீசர் தயாராக இருக்கிறது, வேறு வாங்க வேண்டாம், சுவரும் தாங்காது என்றேன்.

அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார். "எத்தனை தடவை ரிப்பேர் ஆச்சோ, எப்ப ஷாக் அடிக்குமோ, யாரு கண்டா? ஏழு வயசுப் பொண்ணு இருக்கா சார். அவளுக்காகத்தான் புதுசா வாங்கினேன்."

இருபத்தைந்து லிட்டர்

அட்டைப் பெட்டியில் வந்த அந்தக் கீசரில் ஒரு குறையும் இல்லை. வால்வு முதல் திருகாணி வரை சரியாக இருந்தது. எதிர்ச் சுவர் பத்து அங்குலம், அதில் மாட்டலாம் என்றேன். அதற்குக் குழாயை இழுக்க வேண்டும், டைல்ஸ் உடைக்க வேண்டும், உடைக்க அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மூன்று வாரம் ஆகும். அந்த வாரம் குளிர் கடுமையாக இருந்தது. பெண்ணுக்குக் காலைப் பள்ளிக்கூடம். "இந்தச் சுவரு பத்து வருஷமாத் தாங்குது. என்னோடதுக்கு மட்டும் தாங்காதா?" என்றார் கல்யாணராமன். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் செயலாளர் கடைக்குப் போன் செய்து, நம்ம ஆளே இப்படிச் சொன்னால் எப்படி என்றார். பிஷுதாவிடம் சொன்னேன். அவர் வர மறுத்துவிட்டார்.

நான் போனேன். நடராஜன் சாருடைய கீசரைக் கழற்றினேன். நானே நான்கு துளை போட்டேன்.

சிறுமி நித்யா கதவருகே நின்று, "அங்கிள், இதுக்குள்ள எவ்வளவு தண்ணி பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ."

"அப்ப என்னைவிட வெயிட். நான் இருபத்தொண்ணுதான்."

"கீசரோட சேர்த்தா உன்னைப்போல ரெண்டு பேர்" என்றேன். அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய அப்பா உள்ளே வந்து, கீசரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "பாத்தீங்களா? சும்மா பயமுறுத்திட்டீங்க."

பதினாறாம் நாள்

மேல் போல்ட்டுகள் இரண்டும் செங்கல் துண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. கீசர் முன்னால் சாய்ந்தது, வெந்நீர்க் குழாய் உடைந்தது, உள்ளே இருந்ததெல்லாம் அதன் கீழே குளித்துக்கொண்டிருந்த நித்யாவின் வலது தோளிலும் முதுகிலும் கொட்டியது. அவள் உடனே கதவுப் பக்கம் ஓடியதால், அடுத்த நொடி விழுந்த கீசர் அவள் மேல் விழவில்லை. கீழ்வீட்டு வங்காளி அம்மாள், குவார்ட்டர்ஸ் குழந்தைகள் எல்லாருக்கும் மாஷிமா, அதாவது சித்தி, சத்தம் கேட்டு ஓடிவந்து குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றியிருக்கிறார். பிறகு அவரே தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் கல்யாணராமன் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நான் எழுந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வேண்டாம்னு நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

இத்தனை வருடத்தில் எனக்கு வாடிக்கையாளர்கள் சொன்ன குற்றங்களில் இது ஒன்றுதான் சரி.

எதிர்ச் சுவர்

நித்யா ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பினாள். அதற்குள் அலுவலகம் டைல்ஸ் உடைக்க அனுமதி கொடுத்திருந்தது. யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. கல்யாணராமன் மறுபடியும் தாமே ஒரு கீசர் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பிஷுதா வந்தார். பத்து அங்குலச் சுவரில் இரும்புச் சட்டம் பதித்து, ஒரு வாரம் காயவிட்டு, அதன்மேல் மாட்டினோம். பிஷுதா சட்டத்தில் இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார். சுதா, நித்யாவின் அம்மா, வாளியில் வெந்நீர் பிடித்து, கை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, "வாடி கண்ணு, பதமா இருக்கு" என்று கூப்பிட்டார்.

அந்தக் குளியலறையில் எது மாட்டுவது, யாருடையதை மாட்டுவது என்று பெரியவர்கள் நாங்கள் பத்து வருடத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். நித்யா துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே மாஷிமா வீட்டுக்குக் குளிக்கப் போனாள்.