அப்புத்தளையில் ஓர் இரவு, ஊரில் பதினொரு சம்மதம்

பெண்களை ஓர் இரவு மலைநாட்டுக்குக் கூட்டிப்போகிற தொழிலில் மலை ஏறுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஏற வேண்டிய வீட்டுப் படிகள்தான் மூச்சு வாங்க வைக்கும். நீங்கள் ஒரு தடவையாவது ஒரு ட்ரிப்புக்கு ஆள் சேர்த்துப் பார்த்தவர் என்றால் என் கதையை விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் ஒரே வியாதி.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் அபாயா தைக்கிறவள். என் கணவர் வான் ஓட்டுகிறார். கல்யாண வீட்டு ஹயரெல்லாம் சனி, ஞாயிறில்தான் வரும். கிழமை நாட்களில் வான் வாசலில் சும்மா நிற்கும், அவர் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார். இந்தப் பெண்கள் ட்ரிப் எப்படித் தொடங்கியது என்பதையும், முதல் ட்ரிப்பில் என்னென்ன நடந்தது என்பதையும் எழுதுகிறேன்.

அளவெடுக்கும்போது

கல்முனைக்குடியிலிருந்து பர்ஸானா என்று ஒரு பிள்ளை அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். கணவருக்கு ஹார்ட்வெயார் கடை, மூன்று பிள்ளைகள். கையை நீட்டச் சொன்னால் நீட்டினாள், ஆனால் கண் என் சுவரில் இருந்த கலண்டரை விட்டு நகரவில்லை. அதில் தேயிலை மலையும், மலையைப் பாதி மறைத்த மூடுபனியும். "இது எங்க ராத்தா?" என்றாள். அப்புத்தளை என்றேன். அங்கே ஒரு நாள் படுத்து எழும்பினால் எப்படி இருக்கும் என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டை விட்டு எங்கே தங்கியிருக்கிறாய் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆஸ்பத்திரி பிரசவ வாட்டில மூண்டு தரம் ராத்தங்கியிரிக்கன் ராத்தா, வேற எங்கயும் இல்ல."

சூரியன் எந்தப் பக்கம்?

அந்தப் பதில் என்னை இரண்டு நாள் தையல் மெஷினில் உட்காரவிடவில்லை. என் கணக்கும் அதேதான், வாட்டில் இரண்டு தரம். மூன்றாம் நாள் இவரிடம் கதைத்தேன். வான் நம்முடையது, ஓட்டுவது நீங்கள், கூட நான் இருக்கிறேன், ஊர் என்ன பேசும்? ஹோட்டல் வேண்டாம், யாராவது வாடகைக்கு விடுகிற வீடு போதும். கிழமை நாளில் போனால் வாடகையும் குறைவு. இவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்துவிட்டு, "அப்ப வானுக்கும் ஒரு மாற்றம்தானே" என்றார்.

அப்புத்தளையில் ஒரு மலையகத்து அம்மா தன் வீட்டில் மூன்று அறையை வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டு அழைத்தேன். பெண்கள் மட்டும் தங்குகிறோம், வான் ஓட்டுகிற என் கணவர் வானிலேயே படுத்துக்கொள்வார் என்றதும் அவருக்குச் சந்தோஷம். வாடகையையும் குறைத்துக்கொண்டார். கட்டில், தண்ணீர், சமையலறை எல்லாம் கேட்டு முடித்து, தொழுகைக்குத் திசை தெரியவேண்டுமே என்று, சூரியன் வீட்டின் எந்தப் பக்கம் மறையும் என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு நாளா இங்க சூரியனே வரலீங்க, வந்தா எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துச் சொல்றேன்."

நிஸ்தார் காக்காவின் நிபந்தனை

இரண்டு கிழமைக்குள் பர்ஸானாவைத் தவிர ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கணவர், ஒரு மாமி, சில இடங்களில் வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் சம்மதம் தருகிற ஒரு மச்சான். எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தார்கள்: முதல் ட்ரிப் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். அதாவது, பிந்தினாலும், ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தாலும், ஊரில் ஒரு சின்னக் கதை கிளம்பினாலும் இரண்டாவது ட்ரிப் கிடையாது. என் பெயர் போவது இருக்கட்டும், பர்ஸானா போன்றவர்களுக்கு அந்தக் கதவு பிறகு திறக்கவே திறக்காது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பர்ஸானாவின் கணவர், நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடுகிற நிஸ்தார் காக்காதான் கடைசிவரை பிடிகொடுக்காதவர். முதல் தரம் கடைக்குப் போனேன், "பாப்பம்" என்றார். இரண்டாம் தரம் போனேன், சீமெந்து விலையைப் பற்றிக் கதைத்தார். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். மூன்றாம் தரம் வீட்டுக்கே போனேன். உள்ளே அவருடைய உம்மா, பர்ஸானாவின் மாமியார், சுபைதா மாமி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் சுபைதா மாமி இருமினால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்துவார்கள். மறுநாள் அஸருக்குள், அதாவது பின்னேரத் தொழுகைக்கு முன்னால், திரும்பிவிட வேண்டும் என்பது நிஸ்தார் காக்காவின் முதல் நிபந்தனை. இரண்டாவதை உம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உம்மாவும் கூட வாறெண்டா எனக்குப் பயமில்ல தங்கச்சி, பிறகு பயம் உங்களுக்குத்தான்."

பத்துக் கறி

செலவைக் குறைக்கிற வழியில் பெரியது சாப்பாடு. ஹோட்டலில் பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டு வேளை வாங்கிக் கொடுத்தால் ட்ரிப்பின் பாதிச் செலவு அங்கேயே போய்விடும். ஆகவே குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன்: "ஆளுக்கு ஒரு கறி கொண்டு வாங்க." சுபைதா மாமியிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. மாமி தானாகவே படுக்கைவிரிப்பில் சுற்றிய ஒரு பெரிய பொதியோடு வந்து ஏறினார். அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அது என்னவென்று கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, வழியில் ரொட்டி தின்று தேத்தண்ணி குடித்து, பகல் ஒரு மணிபோல அப்புத்தளை வந்து சேர்ந்தோம். பசியென்றால் அப்படியொரு பசி. சமையலறையில் டப்பாக்களைத் திறந்தோம். மாட்டிறைச்சி ஆறு விதம், கோழி இரண்டு, கணவாய் ஒன்று, கத்தரிக்காய்ப் பொரியல் ஒன்று. வாசனையில் வீட்டுக்கார அம்மாவே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் யாரோ, "சோறு எங்க?" என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் மெசேஜைப் பார்த்தேன். அதில் சோறும் இல்லை, அரிசியும் இல்லை. மூடை மூடையாக நெல் வைத்திருக்கிற ஊரில், அரிசி கொண்டுபோக வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இவர் அரிசி வாங்க இறங்கினார். ஜெஸ்மினாவும் நானும் கூடப் போனோம். அவள் இறக்காமத்துப் பிள்ளை, தகப்பன் விவசாயி, சாய்ந்தமருதில் வாழ்க்கைப்பட்ட பிறகும் அவள் வீட்டுக்கு அரிசி அங்கிருந்துதான் வரும். அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்து வாங்குகிறவளைக் கடைக்காரர் அன்றைக்குத்தான் கண்டிருப்பார். மூன்று மணிக்குத்தான் சோறு இறங்கியது. கூடிச் சாப்பிடுகிற சஹன் தட்டு இல்லாததால் வீட்டுக்கார அம்மாவின் பெரிய தட்டுகளில் போட்டு, நான்கு நான்கு பேராக நிலத்தில் சுற்றி உட்கார்ந்தோம். பத்துக் கறியும் ஒரே தட்டில். முதல் பிடியை வாயில் வைத்துவிட்டு ஜெஸ்மினா சொன்னாள்: "வாப்பாட வட்டையில விளையிறத யானை திங்குது, அவர்ட மகள் அப்புத்தளைக் கடையில அரிசி வாங்கித் திங்கிறாள்."

மாமியின் பொதி

அஸருக்குப் பிறகு பனி இறங்கியது. நாங்கள் கடற்கரை ஆட்கள், குளிர் என்றால் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிப்பது என்றுதான் தெரியும். ஒருத்தியிடமும் ஸ்வெட்டர் இல்லை. அபாயாவுக்கு மேல் அபாயா போட்டு, தலையில் துவாய் கட்டி, இரண்டு கட்டிலை ஒன்றாக இழுத்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பர்ஸானா சன்னலை விட்டு வரவில்லை. வெளியே ஒன்றும் தெரியாத வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் அப்படியொரு சிரிப்பு அந்த முகத்தில்.

இரவு இஷாத் தொழுத கையோடு சுபைதா மாமி பொதியை அவிழ்த்தார். உள்ளே ஒரு டேபிள் ஃபேன். பல்லுக் கிட்டிக்கொண்டிருந்த பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டோம். மாமி பிளக்கைச் சொருகினார், ஃபேனின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார், சுவிட்சைப் போட்டார். அது கடகடவென்று சுவருக்குக் காற்று வீசத் தொடங்கியது. "மாமி, இந்தக் குளிருக்குள்ள காத்து எதுக்கு?" என்று நான்தான் கேட்டேன். மாமி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "காத்துக்கில்ல புள்ள, சத்தத்துக்கு. இது இல்லாம எனக்கு நித்திர வராது."

அன்றிரவு நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம். எனக்கு வீட்டில் கூட அப்படித் தூக்கம் வந்ததில்லை. பர்ஸானா காலையில் சொன்னாள்: "ராத்தா, ராவைக்கு ஒருத்தரும் என்னை எழுப்பல்ல."

காலை ஆறரை மணி

கிழமை நாள் ட்ரிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடம். உம்மாமார் மலையில் இருக்கும்போது வாப்பாமார்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். ஆறரை மணிக்கு முதல் ஃபோன் அடித்தது, பிறகு நிற்கவே இல்லை. சப்பாத்து எங்கே, தண்ணீர்ப் போத்தல் எங்கே, பின்னலை இடப்பக்கம் முடிவதா வலப்பக்கம் முடிவதா. பர்ஸானாவின் ஃபோன் மட்டும் அடிக்கவில்லை. நிஸ்தார் காக்கா ஒன்றும் கேட்காமலே அனுப்பிவிட்டாரா, அல்லது கோபமா என்று அவள் முகம் வாடிப்போனது. ஏழரைக்கு ஒரு படம் வந்தது. மூன்று பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு கேற்றடியில் நிற்கிறார்கள். சின்னவனின் சேர்ட் பொத்தான் ஒன்று மாறியிருந்தது. அவள் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினாள்.

ஜெஸ்மினாவின் கணவர் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டு அங்கிருந்து அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததை அவள் மறந்துவிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்: "இந்தா புள்ள, நம்மட சின்னவள் மூண்டாம் ஆண்டா நாலாம் ஆண்டா?"

ஏறுங்க மாமி

அஸருக்குள் ஊர் சேர வேண்டும் என்றால் ஒன்பதுக்குப் புறப்பட வேண்டும். ஒன்பதுக்கு எல்லாரும் வானில். மாமி மட்டும் இல்லை. தேடிப் போனால், வீட்டுக்குப் பின்னால் ஒரு மரப் பலகையில் வீட்டுக்கார அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பனி விலகி, அந்த அம்மா பார்த்துச் சொல்வதாகச் சொன்ன சூரியன் ஒருவழியாக வந்திருந்தது. கீழே மலைகள் இறங்கி இறங்கிப் போய், எங்கோ தூரத்தில் சமவெளி தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை.

ஒன்பதரை. பத்து. இவர் ஹார்ன் அடித்தார். பர்ஸானா போய்க் கூப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். கடைசியில் நான் போனேன். "மாமி, அஸருக்குள்ள வாறமெண்டு மகனுக்கு வாக்குக் குடுத்திரிக்கன். பிந்தினா அடுத்த ட்ரிப் இல்ல மாமி" என்று கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமி என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "என்னை விட்டுட்டுப் போக உங்களுக்கு ஏலாதுதானே? அப்ப ஏன் புள்ள அவசரப்படுத்துறாய்?"

வாசலில் நின்றவர்கள்

பதினொன்றரைக்குத்தான் புறப்பட்டோம். அதற்குமேல் சியம்பலாண்டுவ தாண்டி வருகிற காட்டுப் பாதையில் ஒரு யானை நடு வீதியில் நின்று முக்கால் மணித்தியாலம் எடுத்துக்கொண்டது. அங்கே சிக்னலும் இல்லை. அம்பாறை வந்து ஃபோன் உயிர்பெற்றபோது தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்தன. உடனே அழைத்து, வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். மறுபக்கம் ஒவ்வொருவராக "சரி" என்று வைத்துவிட்டார்கள், அதுதான் பயம். சாய்ந்தமருதுக்குள் நுழையும்போது பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பர்ஸானா என் கையைப் பிடித்திருந்தாள். இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுக் கணவர்மார். முன்னால் நிஸ்தார் காக்கா. மாமிதான் முதலில் இறங்கினார், ஒரு கையில் ஃபேன், மற்றக் கையில் மலைநாட்டு மரக்கறி லீக்ஸ் ஒரு கட்டு. "அஸருக்கெண்டு செல்லிட்டு ஏனும்மா இவ்வளவு பிந்தின?" என்று நிஸ்தார் காக்கா கேட்டார். வானில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரியும். "யானை மகன்" என்றார் மாமி, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். நிஸ்தார் காக்கா என்னைப் பார்த்தார், பர்ஸானாவைப் பார்த்தார், திரும்ப உம்மாவைப் பார்த்தார். "சரி, இந்த ட்ரிப் எப்படி? இவங்கள இனியும் விடலாமா, நீங்க செல்லுங்க" என்றார். மாமி லீக்ஸ் கட்டை அவர் கையில் கொடுத்தார். தோளில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு ராவு காணா மகன், ரெண்டு வேணும்."

மருமகளை அனுப்பச் சம்மதம் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்; ஏழு ட்ரிப் போய்வந்த பிறகு சொல்கிறேன், மாமியைத் திரும்ப வானில் ஏற்றுவதுதான் கஷ்டம்.